காலையில் அளந்த நெஞ்சு

கோட்டாறு
ஜூன் 3

அய்யா உண்டு.

அத்தானுக்கு சுபிதா எழுதுவது.

கடிதத்தைக் கண்டதும் பயந்துவிட வேண்டாம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உங்கள் பயிற்சி முகாமில் போனை வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம்தான் தருவார்கள் என்று உங்கள் அம்மா சொன்னார்கள். அந்தப் பத்து நிமிஷமும் எனக்கு வரவில்லை. மூன்று ஞாயிறு போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்திருந்தாலும் இரண்டாவது நிமிஷம் சண்டைதான் பிடித்திருப்போம். அதனால் எழுதுகிறேன்.

அன்று நான் பேசியது தப்பு. உங்கள் நெஞ்சை அளந்து எழுபத்தெட்டரை என்று சொன்னதோடு நிறுத்தியிருக்க வேண்டும். "நெஞ்சுல இருக்க வீறாப்பு டேப்புல காணல்லியே" என்று உங்கள் அம்மா முன்னால் சொன்னது என் வாய்க்கொழுப்பு. ஆனால் நீங்களும் சும்மா இருக்கவில்லை. "நீ மஸ்கட்டுக்குப் போ, பொண்டாட்டி அனுப்பித் தின்னுட்டு கெடக்க எனக்கு வேற சோலி இல்லியா" என்றீர்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்தேன், நீங்கள் ஆரல்வாய்மொழிக்குப் போனீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். மஸ்கட் ஆஸ்பத்திரியிலிருந்து பிசியோதெரபிஸ்ட் வேலைக்கான தாள் வந்துவிட்டது. அங்கே இருக்கிற ராஜகுமார் அண்ணன்தான் பேசி வாங்கினான். மூன்று வருஷம், நடுவில் ஒரே ஒரு லீவு. ஜூலை பத்துக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். உங்கள் போலீஸ் அளவெடுப்பு ஆகஸ்டில். எழுத்துப் பரீட்சையில் இரண்டு தடவை பாஸ் பண்ணியும் போன தடவை நெஞ்சளவில் விழுந்தீர்கள், வயசைப் பார்த்தால் இதுதான் கடைசி வாய்ப்பு. சும்மா நிற்கும்போது எண்பத்தொன்று இருக்க வேண்டும், மூச்சை இழுத்தால் இன்னும் ஐந்து விரிய வேண்டும். நீங்கள் தேறிவிடுவீர்கள் என்றால் நான் எங்கும் போகமாட்டேன். இல்லையென்றால் இரண்டு பேரில் ஒருவருக்காவது வேலை வேண்டும், போய்த்தான் ஆக வேண்டும். மூன்று வருஷத்துக்கு எத்தனை நாள் என்று காலண்டரில் எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன் அத்தான்.

உண்மையான அளவை எழுதுங்கள்.

சுபிதா


ஆரல்வாய்மொழி
ஜூன் 9

சுபிக்கு,

கடிதம் வந்தது. முகாமே கூடி நின்று சிரித்தது. முகாமை நடத்துகிற சத்தியராஜ் சார் பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்தவர். கவரைத் தூக்கிப் பிடித்து, "ஏலே வினோஜ், இந்தக் காலத்துல உனக்கும் காயிதம் போட ஒரு ஆளு இருக்குல்லா" என்றார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பெருமையை உன்னிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன்.

போன் பண்ணாதது வேண்டுமென்றுதான். அந்த டேப் வார்த்தை இன்னும் உள்ளே கிடந்து குத்துகிறது. நீ உன் அண்ணன் வாங்கித் தந்த தாளைக் காட்டி என்னை மிரட்ட வேண்டாம்.

இங்கே கடியப்பட்டணத்து லிஜோ என்று ஒருவன் இருக்கிறான். மூன்று வருஷம் ஜிம்மில் கிடந்தவன், நெஞ்சு தொண்ணூற்றிரண்டு. அவன்தான் எனக்குச் சொல்லித் தருகிறான். "மக்கா, பம்ப் வந்தாத்தான் வளரும். நெஞ்சு வீங்கல்லேன்னா அன்னைக்கு ஒண்ணும் நடக்கல்லேன்னு வச்சுக்க" என்பான். எடை கொஞ்சம்தான், ஒரு செட்டுக்கு நாற்பது, ஐம்பது தடவை. அது முடிந்ததும் மூச்சு விடாமல் தண்டால். காலையும் மாலையும் மும்மூன்று மணி நேரம். முடிக்கும்போது பார்க்க வேண்டுமே! தோல் பளபளவென்று நிற்கும், சட்டைப் பொத்தான் திணறும். கண்ணாடி முன்னால் நின்றால் எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. காற்று இங்கே ஆளைத் தூக்குகிறது, ஆனாலும் சட்டை போடாமல்தான் நடக்கிறேன்.

நீ கவலைப்படாதே. நெஞ்சு வரும்.

வினோஜ்


கோட்டாறு
ஜூன் 14

அய்யா உண்டு.

அத்தான், கோபப்படாமல் ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள். சாயங்காலம் அப்படி நிற்கிற அந்த நெஞ்சு, குளித்துச் சாப்பிட்டுப் படுக்கும்போது எங்கே போகிறது?

நான் சொல்கிறேன். தசை விடாமல் வேலை செய்யும்போது ரத்தம் உள்ளே பாய்ந்து வருகிறது, அதே வேகத்தில் திரும்ப முடிவதில்லை. ரத்தத்தில் இருக்கிற நீர் தசைக்குள் இறங்கி வீங்குகிறது. ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம். பிறகு வடிந்துவிடும். விருந்தாளி வந்த வீடு மாதிரிதான். ஆள் நிறைந்திருப்பதால் வீடு பெரிதாகிவிடாது. பம்ப் கெட்டது என்று சொல்லவில்லை. தசை நன்றாக வேலை செய்தது என்று காட்டும், வளர்வதற்குக் கொஞ்சம் துணையாகவும் இருக்கலாம். ஆனால் அதுவே வளர்ச்சி கிடையாது. தூக்குகிற எடை தசை நாருக்கு உறைக்க வேண்டும், வாரத்துக்கு வாரம் கூட வேண்டும், பிறகு தின்ன வேண்டும், தூங்க வேண்டும். நீங்கள் ஆறு மணி நேரம் கிடந்து வீங்கிவிட்டுக் கஞ்சியைக் குடித்துப் படுத்தால் இருக்கிறதும் கரையும்.

எடையைக் கூட்டுங்கள். எட்டு, பத்து தடவைக்கு மேல் முடியாத எடை. கம்பியில் தொங்கி ஏறுங்கள், முதுகு விரிந்தால் நெஞ்சுச் சுற்றளவும் ஏறும். வாரத்தில் இரண்டு நாள் சும்மா இருங்கள். முட்டை, சாளை மீன், பயறு, ஏத்தம்பழம் எது கிடைத்தாலும் விடாதீர்கள். காலையில் எழுந்ததும், வெறும் வயிற்றில், மூச்சை விட்டபின் அளந்து அதை மட்டும் எனக்கு எழுதுங்கள்.

லிஜோவின் நெஞ்சு மூன்று வருஷத்து நெஞ்சு. உங்களுக்கு இரண்டு மாசம்தான் இருக்கிறது.

சுபிதா


ஆரல்வாய்மொழி
ஜூன் 23

சுபி,

எண்பத்திரண்டு!

நீ எழுதினது போலத்தான் எல்லாம் செய்கிறேன். சத்தியராஜ் சாரே டேப் போட்டுப் பார்த்துவிட்டு, "கொள்ளாம்லே" என்று முதுகில் தட்டினார். இனி உன் அண்ணன் தாளுக்கு நீயே ஒரு வழி பார்த்துக்கொள். பெரிய பிசியோ என்று நினைப்பு உனக்கு! ராத்திரி படுத்தால் உன் ஓர்மையாகவே இருக்கிறது. சண்டை போட்டதெல்லாம் போகட்டும்.

வினோஜ்


கோட்டாறு
ஜூலை 2

அய்யா உண்டு.

எண்பத்திரண்டு என்று படித்ததும் அடுக்களையில் நின்று அழுதுவிட்டேன். பக்கத்து வீட்டு ஷைஜா அக்கா வந்து, என்னவோ ஏதோவென்று பயந்துபோனாள்.

அண்ணன் தினமும் கூப்பிடுகிறான். "உனக்காவ நான் அங்க காலு பிடிச்சு வாங்கினது, கையெழுத்துப் போட்டியா இல்லியா?" என்கிறான். அப்பா நேராகக் கேட்பதில்லை. கடையிலிருந்து வந்ததும் அந்தத் தாள் மேஜையில் இருக்கிறதா என்று பார்ப்பார், பிறகு சாப்பிட உட்காருவார். எனக்கு எட்டு நாள்தான் இருக்கிறது.

அத்தான், ஒன்றே ஒன்று கேட்கிறேன். அது காலையில் அளந்ததுதானே?

சுபிதா


ஆரல்வாய்மொழி
ஜூலை 5

சுபி,

ஆமாம். காலையில்தான்.

எத்தனை தடவை கேட்பாய்? நம்பிக்கை இல்லையென்றால் கையெழுத்தைப் போட்டுவிட்டு மஸ்கட்டுக்கே போ.

வினோஜ்


கோட்டாறு
ஜூலை 11

அய்யா உண்டு.

ஒன்பதாம் தேதியே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் போனை வைத்துவிட்டான். அப்பாதான் பேசினார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "ஆகஸ்டு வரைக்கும் இங்க இரு மக்களே. அதுக்குப் பெறவு உன் மாப்பிள உண்டு, நீ உண்டு" என்றார். என் அப்பா வைகுண்டராஜன் ஒரு சொல் சொன்னால் மாற்றமாட்டார் என்று உங்களுக்கும் தெரியும்.

இனி எல்லாம் உங்கள் நெஞ்சில்தான் இருக்கிறது. இதை டேப்பை வைத்துக் கேலியாகச் சொல்லவில்லை.

சுபிதா


ஆரல்வாய்மொழி
ஜூலை 15

சுபி,

கடிதம் கிடைத்தது. ஏன் அவ்வளவு அவசரமாக வேண்டாமென்றாய்? பத்தாம் தேதி சாயங்காலம் வரைக்கும் நேரம் இருந்ததே. போகட்டும். நல்லதுதான். நல்லது என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். எனக்கில்லை. லிஜோவுக்கு. அவனும் அளவெடுப்புக்கு வருகிறான். பாவம், சாயங்காலம் பயிற்சி முடிந்து அளந்தால் எண்பத்திரண்டு வருகிறது, காலையில் எழுந்து அளந்தால் எழுபத்தொன்பது. அவன் இவ்வளவு நாளும் சாயங்காலத்து அளவையே வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். வேண்டுமென்று இல்லை சுபி. அந்த நேரத்தில் டேப்பில் தெரிகிறதுதான் தன் நெஞ்சு என்று நிஜமாகவே நம்பிவிட்டான். காலையில் தெரிகிறது தூக்கத்தில் சுருங்கிப்போனது என்று நினைத்தான். இப்போது அவன் வீட்டில் அதை நம்பி ஒரு பெரிய காரியம் பண்ணிவிட்டார்கள். ராத்திரி முழுக்க உருண்டுகொண்டு கிடக்கிறான். மனசில் வெப்ராளம் தாங்காமல் எழுந்து மைதானத்தில் போய் நிற்கிறான். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வருகிறது, எப்படிச் சொல்ல என்று தெரியவில்லை.

ஒரு மாசத்தில் இரண்டு சென்டிமீட்டர் ஏறுமா? சும்மா ஆறுதலுக்குச் சொல்லாதே. ஏறுமென்றால் என்ன செய்ய வேண்டும் என்று எழுது. எதுவானாலும் செய்வான்.

வினோஜ்


கோட்டாறு
ஜூலை 19

அய்யா உண்டு.

லிஜோவுக்கு எழுதுகிறேன், நீங்கள் படித்துக் காட்டுங்கள்.

தம்பி லிஜோ, ஏறும். கஷ்டம், ஆனால் ஏறும். நேற்று வரை வீங்குவதற்காகத் தூக்கினாய், இனி வளர்வதற்காகத் தூக்கு. வாரத்தில் நான்கு நாள் போதும். பெஞ்சில் படுத்துத் தூக்குவது, குனிந்து இழுப்பது, கம்பி ஏறுவது. ஒவ்வொன்றிலும் நான்கு செட், எட்டு தடவை. போன வாரத்தைவிட இந்த வாரம் ஒரு சின்ன பிளேட்டாவது கூட இருக்க வேண்டும். முடித்த பிறகு கண்ணாடி பார்க்காதே. நெஞ்சு வீங்கியிருந்தாலும் சந்தோஷப்படாதே, வீங்காவிட்டாலும் பயப்படாதே.

இரண்டு வேளையும் முட்டை. ராத்திரி எட்டு மணி நேரம் தூக்கம். மைதானத்தில் போய் நிற்கிற வேலையெல்லாம் வேண்டாம், தூக்கத்தில்தான் சதை போடும்.

விரிவுக்குத் தனியாகச் செய்ய வேண்டும். இரண்டு கையையும் விலாவில் வை. மூச்சை முழுக்க விடு, இன்னும் கொஞ்சம் விடு, பிறகு விலா கையைத் தள்ளுகிற மாதிரி மெல்ல இழு. காலையும் மாலையும் இருபது தடவை.

வீட்டில் சொல்ல வேண்டுமா என்று கேட்டாயாம். சொல்லலாம். அவர்கள் உன்னைத் தின்றுவிடமாட்டார்கள்.

சுபிதா


ஆரல்வாய்மொழி
ஆகஸ்ட் 8

சுபி,

லிஜோ உனக்குக் கோடி நன்றி சொல்லச் சொன்னான். ஜூலை கடைசியில் எண்பது. நேற்றுக் காலையில் எண்பதே முக்கால். இன்று எண்பத்தொன்று, சொட்டுக் கூடவும் இல்லை குறையவும் இல்லை. மூச்சை இழுத்தால் எண்பத்தாறைத் தாண்டுகிறது. டேப் பொய் சொல்கிறதோ என்று சாரின் டேப்பை வாங்கியும் அளந்து பார்த்தான்.

ஆனால் அவனுக்குப் பயம் போகவில்லை. எண்பத்தொன்று என்றால் எண்பத்தொன்றுதான். அன்றைக்கு வெயிலில் நிற்க வேண்டும், பதற்றம் இருக்கும், அளக்கிறவர் டேப்பை ஒரு நூல் இறுக்கிப் பிடித்தால் போச்சு. பக்கத்தில் ஒரு சுவர்கூட இல்லாமல் விளிம்பில் நிற்கிற மாதிரி இருக்கிறது அவனுக்கு.

பதினாறாம் தேதி நாகர்கோவிலில் அளவெடுப்பு. எனக்காக அய்யாவின் நிழல்தாங்கலில் போய் ஒரு பணிவிடை கொடுத்து வேண்டிக்கொள். லிஜோவுக்கும் சேர்த்து.

வினோஜ்


கோட்டாறு
ஆகஸ்ட் 12

அய்யா உண்டு.

கொடுத்துவிட்டேன். நீங்கள் எண்பத்திரண்டு இருப்பவர், உங்களுக்கு நான் என்ன சொல்ல இருக்கிறது. நன்றாகத் தூங்கிப் போங்கள். தைரியமாக நில்லுங்கள்.

சுபிதா


ஆரல்வாய்மொழி
ஆகஸ்ட் 17

சுபி,

போச்சு.

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன், இடையில் நிறுத்தினால் மறுபடி பொய் சொல்லிவிடுவேன். எண்பத்திரண்டு பொய். லிஜோ என்று எழுதியதெல்லாம் நான். உனக்கு அது தெரியாமலே நீ மஸ்கட்டை விட்டாய், உன்னை விட வைத்தவன் நான். ஜூலை ஐந்தாம் தேதி "காலையில்தான்" என்று எழுதிய கையை வெட்டிப் போட்டால்கூட ஆறாது.

ஆனால் அதற்கப்புறம் உழைத்தது பொய்யில்லை சுபி. நேற்றுக் காலை நாலு மணிக்கு அளந்தேன், எண்பத்தொன்று. அதோடு போய் நின்றிருக்க வேண்டும்.

மைதானத்தில் வரிசை நீளம். எனக்கு முன்னால் நின்ற பையனை எண்பதரை என்று வெளியே தள்ளினார்கள். அதைப் பார்த்ததும் பின்னால் நின்ற லிஜோவைத் திரும்பிப் பார்த்தேன். அவன், "மக்கா, கொறச்சு தண்டால் எடுத்துட்டுப் போ, ரெண்டு சென்டிமீட்டர் கூடும், என்னத்துக்கு ரிஸ்க்கு" என்றான். தண்ணீர் டேங்குக்குப் பின்னால் போய் எண்பது தண்டால் எடுத்தேன். நீ சொன்னதெல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனாலும் நெஞ்சு வீங்கியதும் மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது பார், அதை எப்படிச் சொல்ல. பழைய குடிகாரனுக்கு மறுபடி ஒரு கிளாஸ் கிடைத்த மாதிரி இருந்தது.

டேப் போட்டார்கள். எண்பத்துமூன்று. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "மூச்சை இழு" என்றார்கள். இழுத்தேன். நெஞ்சு பலகை மாதிரி நிற்கிறது, மூச்சு வேறு இரைக்கிறது, விலா திறக்கவே இல்லை. எண்பத்தேழு. "இன்னொரு தடவ இழு தம்பி" என்றார் அளந்தவர், நல்ல மனுஷன். எண்பத்தேழுதான். நாலு. விரிவு அஞ்சு வேண்டும்.

இன்னும் கேள். மேஜையில் இருந்தவர் தாளைத் தள்ளி, "மறு அளவு வேணுமா? வேணும்னா ஓரமா இரு, கடைசியில பாக்கலாம்" என்றார். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? கடைசி என்றால் சாயங்காலம். அதற்குள் பம்ப் இறங்கிவிடும், எண்பத்தொன்றுக்குக் கீழே போய்விடும், எல்லார் முன்னாலும் நெஞ்சே இல்லாதவன் என்று நிற்க வேண்டும். வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

முகாமுக்கு வந்து சாயங்காலம் ஐந்து மணிக்கு அளந்தேன். எண்பத்தொன்று. மூச்சை இழுத்தேன். எண்பத்தாறரை.

டேப்பை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன் சுபி. வளர்ந்திருந்தது. நிஜமாகவே வளர்ந்திருந்தது. நான்தான் நம்பவில்லை.

சார் தன் தென்னந்தோப்பில் ஏதாவது வேலை பார்த்துக்கொண்டு கிட என்கிறார். நான் வீட்டுக்கு வரமாட்டேன். அம்மா முகத்தைப் பார்க்க முடியாது, உன் முகத்தை அதைவிட முடியாது. உன் அண்ணனிடம் கெஞ்சிக் கேட்டு மஸ்கட்டுக்குப் போய்விடு. என்னை எண்ணி இருந்துவிடாதே.

வினோஜ்


கோட்டாறு
ஆகஸ்ட் 20

அத்தான்,

மஸ்கட் வேலைக்கு வேறு ஆள் எடுத்தாகிவிட்டது. நேற்று அண்ணனிடம் கேட்டேன். அந்தக் கதை முடிந்தது.

எனக்குத் தெரியும். எழுபத்தெட்டரை என்று நான் கையால் அளந்த நெஞ்சு ஒன்றரை மாசத்துக்குள் மூன்றரை கூடி எண்பத்திரண்டு ஆகுமா? நான் தினமும் சதையோடுதான் வேலை பார்க்கிறேன். ஜூலை ஐந்தாம் தேதிக் கடிதத்தில் நீங்கள் கோபப்பட்ட விதத்திலேயே முடிவாகத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் மஸ்கட்டை வேண்டாம் என்றேன். உங்களை விட்டு மூன்று வருஷம் என்னால் இருக்க முடியாது, அதைச் சொல்ல வாய் வரவில்லை, உங்கள் எண்பத்திரண்டைச் சாக்காக வைத்துக்கொண்டேன். அப்பாவிடமும் அண்ணனிடமும் அதையேதான் சொன்னேன். அதனால் அந்தப் பாரத்தை நீங்கள் சுமக்க வேண்டாம். லிஜோ கதையையும் நான் நம்பவில்லை, நெஞ்சு தொண்ணூற்றிரண்டு என்று நீங்களே எழுதியவனுக்கு எழுபத்தொன்பது எப்படி வரும்?

ஆனால் இதைக் கேளுங்கள். ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதிக் கடிதத்தை இரண்டு தடவை எழுதினேன். முதலில் எழுதியது நாலு பக்கம். 'அன்று ஒரு தண்டால்கூட எடுக்காதீர்கள். வீங்கிய நெஞ்சு விரியாது, முதல் அளவு ஏறும், இரண்டாவது அளவில் விழுவீர்கள். உங்கள் காலை அளவே போதும், அதை நம்புங்கள்' என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தேன். எண்பத்திரண்டு இருக்கிற ஆளுக்கு இதை எழுதினால், எனக்கு எல்லாம் தெரியும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். நீங்களாகச் சொல்லட்டும் என்று எனக்கு வீம்பு. கிழித்துப் போட்டுவிட்டு அந்த மூன்று வரியை எழுதி அனுப்பினேன்.

தண்ணீர் டேங்குக்குப் பின்னால் உங்களை அனுப்பியது லிஜோ மட்டும் இல்லை.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. உங்கள் மேலா, என் மேலா என்று தெரியவில்லை. மறு அளவு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டீர்களே, பாவி மனுஷா, சாயங்காலம் வரைக்கும் ஓரமாக உட்கார உங்களால் முடியவில்லையா! இதை எழுதும்போதே மறுபடி அழுகை வருகிறது. என்ன கத்தினாலும் அந்தத் தாள் திரும்பி வராது.

ஆகஸ்டு வரைக்கும் என்று அப்பா சொன்னார். இன்று காலையில் என் பையை எடுத்து வாசல் அறையில் வைத்திருந்தார். உங்கள் அம்மா, "அவன் இல்லாம நீ மட்டும் வந்து என்ன செய்ய" என்று போனில் கேட்டார்கள்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. கையில் கொண்டுவந்து சத்தியராஜ் சாரிடம் கொடுத்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். நான் வெளியே கேட் பக்கத்தில் பையோடு நிற்கிறேன். என் முகத்தைப் பார்க்க வேண்டாம், தலையைக் குனிந்துகொண்டாவது வாருங்கள். நீங்கள் வராமல் எனக்குப் போக வீடு இல்லை.

சுபிதா